சேலம் மறுகட்டுமானம்: எஸ்டிமேட்டில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்தில் பெரிய கட்டடம் எது எழும்பினாலும் முதலில் நடப்பது மண் பரிசோதனை. நான்கைந்து இடத்தில் போர் போட்டு, 1.5 மீட்டருக்கு ஒரு முறை குழாயை அடித்து இறக்கி மண் எடுத்து, ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குவார்கள். ஊரின் பழைய பகுதியாக இருந்தால் அறிக்கையின் முதல் வரி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: ‘நிரப்பு மண், செங்கல் துண்டும் ஓடும் கலந்தது’. பக்கத்தில் 2 மீட்டர், 3 மீட்டர் என்று ஆழம் போட்டிருக்கும். அஸ்திவாரம் போடும் பொறியாளருக்கு அது பாரம் தாங்காத மண். வாரி லாரியில் ஏற்றிவிட வேண்டியது. தொல்லியல் படித்தவருக்கு அந்த 3 மீட்டர்தான் ஊர். அதற்குக் கீழே வரும் மொரம்பு என்னும் சரளை மண்ணிலும் சிதைந்த பாறையிலும் அவருக்கு வேலை இல்லை.

இந்த இருவரும் ஒரே அறிக்கையை ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லும் விதி வலுவாக இல்லை. அதைவிடப் பெரிய குறை, பார்த்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்குப் பணம் எந்தத் தலைப்பிலும் இல்லாதது. அந்தப் பணத்தைப் பற்றியே இந்தக் கடிதம்.

ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்தது. பழைய பேருந்து நிலையம் ஈரடுக்காகி 2023இலேயே திறந்தாயிற்று. எழுந்து நிற்கும் கட்டடத்தைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை. ஆனால் தோண்டுவது முடியவில்லை. பாதாள சாக்கடை, குடிநீர்க் குழாய், வணிக வளாகம், அடுக்கு வாகன நிறுத்தம் என்று வேலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை பகுதிகளில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தரைக்குக் கீழே ஒரு தளத்தோடு கடை கட்டுகிறார்கள். கோட்டை என்று ஒரு பகுதிக்கே பெயர் இருக்கிறது, அங்கே கோட்டைச் சுவரைக் காணோம். பொதுவாகச் சுவர்தான் முதலில் போகும், ஏனென்றால் கல்லுக்கும் செங்கல்லுக்கும் விலை உண்டு. பள்ளத்தை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பழைய அகழியும் கிணறும் குப்பைக்குழியும் வண்டல் நிரம்பி அப்படியே அடியில் கிடக்கும். நகரத் தொல்லியலில் முக்கால்வாசி வேலை இப்படி நிரம்பிய பள்ளங்களைப் படிப்பதுதான்.

நம் மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தது. தண்ணீர் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்ட, கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். அதே மேட்டூர் வட்டாரத்துத் தெலுங்கனூரில் கிடைத்த எஃகு வாளின் காலம் கி.மு. 1435க்கும் 1233க்கும் இடைப்பட்டது என்றும், மாங்காட்டு இரும்பின் காலம் கி.மு. 1604க்கும் 1416க்கும் இடைப்பட்டது என்றும் ஆய்வு முடிவுகள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டு இரும்பின் தொன்மையைப் பேசும்போது இன்று தவறாமல் எடுத்துச் சொல்லப்படும் இடங்கள் இவை. தெலுங்கனூரில் அகழாய்வு செய்வதற்கான அறிவிப்பு 2025–26 பட்ஜெட்டில்தான் வந்தது. அணை கட்டி 90 ஆண்டு ஆகிவிட்டது. ஆந்திரத்தின் நாகார்ஜுனகொண்டாவில் அணை நீர் ஏறுவதற்கு முன் 1954 முதல் 1960 வரை அகழாய்வு நடத்தி, முக்கியமான கட்டுமானங்களைப் பெயர்த்துக் குன்றின் மேல் மறுபடி கட்டிவைத்தார்கள். அந்தக் குன்றுதான் இன்று நீர்த்தேக்கத்தின் நடுவே தீவாக நிற்கிறது. முன்கூட்டியே இடம் குறித்து நேரம் ஒதுக்கினால் நம் நாட்டிலும் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அந்த 2025–26 மாநில பட்ஜெட்டில் 8 இடங்களின் அகழாய்வு உள்ளிட்ட பணிகளுக்கு 7 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சராசரி பார்த்தால் இடத்துக்கு 1 கோடிகூட வராது. தொகையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஆராய்ச்சிக்கான பணம். ஆராய்ச்சி அகழாய்வில் இடத்தையும் மாதத்தையும் ஆய்வாளர் தேர்ந்தெடுக்கிறார். கட்டுமானத்தில் அழியப்போவதைக் காப்பாற்றும் மீட்பு அகழாய்வில் இரண்டையும் ஒப்பந்ததாரரின் ஜேசிபி தேர்ந்தெடுக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை அறிவிக்கும் மானியத்தைக் கொண்டு, நவம்பரில் திடீரென்று ஒரு தெருவில் தட்டுப்படும் உறைகிணற்றை எப்படிக் காப்பாற்றுவது?

சட்டத்தின் காலண்டரும் இதற்கு ஒத்துவருவதில்லை. 1958ஆம் ஆண்டு தொல்லியல் சட்டத்தின் 24ஆவது பிரிவின்படி, பாதுகாக்கப்படாத இடத்தில் தொல்லியல் நோக்கில் தோண்டுவதற்கு மாநில அரசும் மத்திய அரசின் முன் ஒப்புதல் பெற வேண்டும். அகழாய்வுப் பருவம் என்பது அக்டோபர் தொடங்கி செப்டம்பர் 30இல் முடியும் கணக்கு. விண்ணப்பம், குழு, பரிந்துரை, உரிமம் என்று அது தன் போக்கில் நடக்கும். டெண்டர் விட்ட வேலையோ ஒப்பந்தம் கையெழுத்தான சில வாரத்தில் மண்ணில் கை வைக்கும். ஆகவே உரிமம் தேவைப்படும் அகழாய்வைத் திட்ட அறிக்கை தயாராகும் கட்டத்திலேயே, அதாவது டெண்டருக்கு ஓராண்டு முன்பே தொடங்கியாக வேண்டும். ஒப்பந்ததாரர் எப்படியும் வெட்டப்போகும் பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துப் பதிவு செய்வது வேறு வகை. அது தொல்லியலுக்காகத் தோண்டுவது ஆகாது என்பது எங்கள் வாசிப்பு. சேலத்துக்கு உடனே கைகொடுப்பது இந்த இரண்டாவது வகைதான்.

பாதாள சாக்கடையை எடுத்துக்கொள்வோம். குழாய் போகும் பள்ளம் 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் முதல் 5, 6 மீட்டர் ஆழம் வரை போகும். பழைய தெருவின் நடுவே யாரும் வீடு கட்டியதில்லை என்பதால் அங்கே மண்ணடுக்கு கலையாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஊரை நீளவாக்கில் அறுத்துக் காட்டும் இப்படிப்பட்ட வெட்டு வேறு எந்த வேலையிலும் கிடைக்காது, அதுவும் இலவசமாக. இதற்கு வேண்டியது பயிற்சி பெற்ற ஒருவர், ஒரு உதவியாளர், 2 மீட்டர் அளவுகோல், லெவல் கருவி, கேமரா, எண் எழுதும் பலகை. 10 மீட்டருக்கு ஓர் இடத்தில் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, ஒவ்வொரு அடுக்கின் மேல் மட்டத்தையும் கடல் மட்டக் கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும். பானை ஓடு கிடைத்தால் எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதிய பையில் போட வேண்டும். கிலோமீட்டருக்கு 100 பதிவு. குழாய் போடும் வேகத்தோடு ஒருவரால் ஈடுகொடுக்க முடியும்.

கெடுவது எங்கே என்றால், நேரத்தில். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் முட்டுப் பலகை கொடுத்தாக வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு 3764. பலகை இறங்கியதும் சுவர் மறைந்துவிடும். வெட்டி முடித்ததற்கும் பலகை இறங்குவதற்கும் நடுவில் உள்ள 15, 20 நிமிடம்தான் பதிவாளருக்குச் சொந்தம். இவ்வளவு ஆழமான பள்ளத்துக்குள் அந்த இடைவெளியிலும் அவர் இறங்கக் கூடாது, சுவரைச் சுரண்டவும் முடியாது. மேலிருந்து நீளக் கம்பில் கட்டிய கேமராவால்தான் எடுக்க வேண்டும். அடுத்த சிக்கல், போக்குவரத்துக்காக இரவில் வெட்டி விடிவதற்குள் மூடுவது. பதிவாளருக்கு இரவுப் படி கொடுக்க எஸ்டிமேட்டில் இடமில்லை என்றால் அவர் காலையில் வந்து தார் ஊற்றிய சாலையைப் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மூன்றாவது, திருமணிமுத்தாற்றை ஒட்டிய இடங்களில் ஊற்றுத் தண்ணீர். பம்பு ஓடிக்கொண்டே இருந்தால் சுவர் அடியில் அரித்து மேலடுக்கு சரியும். அங்கே கீழ்ப் பகுதியை முதலில் பதிவு செய்து மேலே வர வேண்டும். வழக்கமான வரிசைக்கு நேர் எதிர்.

கட்டட மனைகளுக்கு இது போதாது. அங்கே சோதனைக் குழி வேண்டும். அதற்கு முன் அதிகச் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. மண் பரிசோதனையில் கூடுதலாக 2 போர்களை மட்டும் முதல் 4 மீட்டருக்கு இடைவெளி விடாமல் குழாயடித்து எடுக்கச் சொன்னால், அடுக்குகளின் வரிசை நேராகக் கையில் கிடைக்கும். வழக்கமான 1.5 மீட்டர் இடைவெளியில் ஒரு நூற்றாண்டே தவறிப்போகலாம். தண்ணீர் பீய்ச்சி இறக்கும் போர் என்றால் மண் கலங்கி வரும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தரை ஊடுருவு ரேடார் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காய்ந்த செம்மண்ணில் நன்றாகவே வேலை செய்யும். களிமண்ணும் ஈரமும் பழைய குழாய்களும் இடிபாடும் நிறைந்த நகர மையத்தில் சிக்னல் 1 மீட்டருக்குள் அடங்கிவிடும், திரையில் புள்ளிகள்தான் மிஞ்சும். வாடகைக்கு எடுத்துவிட்டோமே என்பதற்காக அதன் படத்தை நம்பக் கூடாது. பழைய டவுன் சர்வே படமும், வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேடும் புலப்படமும் அதைவிட நிறையச் சொல்லும். நடுவில் வளைந்து போகும் சந்தும், காரணமில்லாமல் கோணலாக வெட்டிய மனை எல்லையும் பெரும்பாலும் மூடிய வாய்க்காலாகவோ பழைய சுவராகவோ இருக்கும்.

இப்போது கணக்கு. தரைக்குக் கீழே ஒரு தளத்தோடு 1 ஏக்கரில், 40 கோடி ரூபாயில் ஒரு வணிக வளாகம் என்று வைத்துக்கொள்வோம். மனை சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 5 சதவீதம் சோதித்தால் 10 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் 10 குழிகள், 200 சதுர மீட்டர். சராசரி 2 மீட்டர் ஆழம் என்றால் 400 கன மீட்டர் மண். மேல் அரை மீட்டர் சிமெண்டும் ஜல்லியும், அதை இயந்திரம் எடுக்கட்டும். இங்கே ஒரு நிபந்தனை: பல் வைத்த பக்கெட் கூடாது. வாய்க்கால் தூர்வாரும் தட்டை பக்கெட் வேண்டும். கிடைக்காவிட்டால் பற்களை மூடி 10 மி.மீ. தகடு ஒன்றை வெல்டிங் வைத்துக்கொள்ளலாம். ஒரு வீச்சுக்கு 10 செ.மீ.க்கு மேல் சுரண்டக் கூடாது, பக்கத்தில் ஒருவர் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். மிச்சம் 300 கன மீட்டர் கையால். 4 கூலியாட்கள், பழகிய அகழ்வாள் ஒருவர், பதிவு செய்யும் தொல்லியல் பட்டதாரி ஒருவர் கொண்ட அணி நாளொன்றுக்கு 2 கன மீட்டர் எடுக்கும் என்று வைத்தால் 150 அணி நாட்கள். 5 அணி இறங்கினால் 30 நாள். மழை, படம் வரைவது, பம்பு பழுது எல்லாம் சேர்த்து 40 நாள் எழுதிக்கொள்வது நேர்மை.

கூலி 900 வீதம் நால்வர், அகழ்வாளுக்கு 1,200, பதிவாளருக்கு 1,500 என்று வைத்தால் அணிக்கு நாளுக்கு 6,300 ரூபாய். 150 அணி நாளுக்கு 9,45,000. முட்டுப் பலகையும் பம்பும் 2 லட்சம், இயந்திர வாடகை 1 லட்சம், அளவெடுக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியும் படமும் 1 லட்சம், நீர்ச் சலிப்புக்கு 50,000. அடுக்குக்கு 20 முதல் 40 லிட்டர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து அரை மி.மீ. சல்லடையில் மிதப்பதைப் பிடித்தால்தான் கருகிய நெல்லும் வரகும் கிடைக்கும். இதைச் செய்யாத அகழாய்வு ஊரார் சாப்பிட்டதைச் சொல்லாது. கரிமக் காலக்கணிப்பு 10 மாதிரி, ஒன்றுக்கு 40,000 என்று 4 லட்சம். தோண்டிய பிறகு ஓடு கழுவி, எண் போட்டு, பிரித்து, வரைய 3 பேருக்கு 4 மாதம் 3,60,000. இரும்பு, செம்புப் பொருட்களுக்கு 2 லட்சம், அறிக்கை அச்சிட 1 லட்சம், பெட்டியும் அலமாரியும் 1 லட்சம். கூட்டினால் 25,55,000. 40 கோடியில் இது 0.64 சதவீதம். வீதங்கள் எல்லாம் நாங்கள் கணக்குக்காக வைத்தவை; ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 1 சதவீதத்தைத் தாண்டவைப்பது சிரமம். அந்தக் கட்டடத்தின் முகப்புக் கண்ணாடிக்கே இதைவிடக் கூட ஆகும்.

கணக்கில் முதலில் வெட்டுவிழுவது எது என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். தோண்டும் கூலி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கொடுத்துவிடுவார்கள். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திவைப்பது ஓடு வரைவதும் இரும்பைப் பேணுவதும் அறிக்கையும்தான். மேலே உள்ள கணக்கில் காலக்கணிப்பு முதல் அலமாரி வரையிலான அந்தப் பின்வேலை மட்டும் 11,60,000, கிட்டத்தட்டப் பாதி. அதைக் கொடுக்காவிட்டால் முதல் பாதியும் வீண். மண்ணுக்குள் 3,000 ஆண்டு தாங்கிய இரும்பு வெளிக்காற்றில் சில வாரத்திலேயே வெடித்து உதிரத் தொடங்கும். உள்ளே ஏறிய குளோரைடு உப்பு ஈரம் பட்டதும் வேலையைக் காட்டிவிடும். எடுத்த அன்றே காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும். ஜெல் ஈரம் உறிஞ்சி நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி மறுபடி போட வேண்டும். இதற்கு ஒரு ஆள் வேண்டும், மாதச் சம்பளத்துக்கு. சணல் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் தள்ளிய இரும்பு ஒரு மழைக்காலத்தில் துருப்பொடி. கீழடி அருங்காட்சியகக் கட்டடத்துக்கு 18 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. திறந்து வைக்கக் கட்டடம் என்றால் பணம் வருகிறது. சிலிக்கா ஜெல் வாங்க எந்த விழாவிலும் ரிப்பன் வெட்ட முடியாது.

சோதனைக் குழியில் ஒன்றும் இல்லையென்றால் 40 நாளோடு விஷயம் முடிந்தது. ஏதாவது இருந்து மனையின் கால்வாசியை முழுதாகத் தோண்ட வேண்டிவந்தால் செலவு நான்கைந்து மடங்காகும். உரிமையாளர் பயப்படுவது இதற்குத்தான், பயம் நியாயமானதும்கூட. பக்கத்து மனைக்காரருக்கு வெறும் மொரம்பு, எனக்கு மட்டும் முதுமக்கள் தாழியா என்று கேட்பார். இந்தச் சீட்டாட்டத்தை மற்ற நாடுகள் இரண்டு விதமாகக் கையாள்கின்றன. இங்கிலாந்தில் 1990இல் வந்த திட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு கட்டுபவரே செலவை ஏற்கிறார். பணம் தடையில்லாமல் வந்தது. ஆனால் குறைந்த விலை கேட்ட நிறுவனத்துக்கே வேலை போய், யாரும் படிக்காத அறிக்கைகள் அலமாரியில் குவிந்தன. 2008இல் கட்டுமானம் சரிந்தபோது தொல்லியலாளர்களுக்கும் வேலை போனது. பிரான்ஸ் 2001 சட்டத்தின் மூலம் மண்ணைக் கிளறும் திட்டங்கள் மீது ஒரு சிறு வரி போட்டு, அரசு நிறுவனம் ஒன்றை அமைத்தது. தன் சொந்தக் குடியிருப்புக்காக வீடு கட்டுபவருக்குத் தேசிய நிதியிலிருந்து உதவி உண்டு. பொருள் கிடைத்தவர் மட்டும் மாட்டிக்கொள்ளாமல் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பது நமக்குப் பொருந்தும் என்று நினைக்கிறோம்.

வசூலிக்கும் வழியும் தயாராக இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வரியாகக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கட்டுகிறோம், வரைபட அனுமதி வாங்கும்போதே. அதே ரசீதில் தொல்லியலுக்கு 0.1 சதவீதம் சேர்த்தால் 1 கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு 10,000 ரூபாய். 2, 3 சென்ட்டில் வீடு கட்டுபவரை முழுதாக விட்டுவிடலாம். இதற்குச் சட்டம் வேண்டும், காலம் ஆகும். அதுவரை நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாமே என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியப் பாதுகாப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் தன் மனையைத் தானே சோதிக்கும் செலவை ஒரு நிறுவனம் அதில் காட்ட முடியாது. அது வழக்கமான தொழில் செலவாகிவிடும். அடுத்தவர் மனைக்குக் கொடுக்கலாம், தேசியப் பண்பாட்டு நிதியத்துக்கும் கொடுக்கலாம். அந்தப் பணம் ஆண்டுத் திட்டப்படி வரும், பள்ளம் வெட்டிய அன்று வராது. பின்வேலைக்கும் அலமாரிக்கும் அது நல்ல பணம், அவசரத்துக்கு உதவாது.

அவசரத்துக்கு உதவுவது டெண்டர் ஆவணம் மட்டுமே. பல ஒப்பந்தங்களில் ‘தளத்தில் கிடைக்கும் தொன்மைப் பொருள் அரசுக்குச் சொந்தம், ஒப்பந்ததாரர் உடனே தெரிவிக்க வேண்டும்’ என்று ஒரு வாசகம் ஏற்கெனவே இருக்கிறது. தெரிவித்தால் வேலை நிற்கும். நின்ற நாளுக்கு இயந்திர வாடகையும் ஆள் சம்பளமும் அவர் தலையில். தாமதத்துக்கு அபராதம் வேறு. இந்த நிலையில் எந்த மேஸ்திரி பானை வாயைப் பார்த்ததும் போன் செய்வார்? இரவோடு இரவாக மண் மூடும். சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் 2017 ஒப்பந்தப் படிவத்தில் 4.23ஆவது பிரிவு, இப்படிக் கிடைத்தால் ஒப்பந்ததாரருக்குக் கால நீட்டிப்பும் செலவும் கோர உரிமை தருகிறது. பண்பாட்டு மரபு குறித்து உலக வங்கி 2018 முதல் நடைமுறைப்படுத்தும் 8ஆவது தரநிலையும், ஆசிய வளர்ச்சி வங்கியின் கொள்கையும் எதிர்பாராமல் கிடைப்பவற்றுக்கு நடைமுறை கேட்கின்றன. கடன் வாங்கிக் கட்டும் திட்டத்துக்கு வங்கி கேட்டால் எழுதுகிறோம். நம் சொந்தப் பணத்தில் கட்டுவதற்கு நாமே ஏன் கேட்கக் கூடாது?

மனைக்காரரின் பயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பானை கிடைத்தால் நிலம் போய்விடும் என்பது ஊர்ப் பேச்சு. ஓர் இடத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்க 1958 சட்டப்படி 2 மாத முன்னறிவிப்பும் ஆட்சேபனைக்கு வாய்ப்பும் தர வேண்டும். பானை ஓட்டுக்கெல்லாம் அது நடப்பதில்லை. 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. அரசு அதை எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய் என்ற வரம்பு இன்று வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் தெரிவித்தவருக்குச் சட்டம் பாதகமாக இல்லை. தளத்தில் உண்மையான அபாயம் ‘தங்கம் கிடைத்ததாம்’ என்ற வாட்ஸ்அப் செய்தி. அன்று இரவே தாழிகள் உடைந்துவிடும். அதனால் முதல் நாளே தகர வேலியும் இரவுக் காவலும் போட வேண்டும். அதுவும் எஸ்டிமேட்டில் ஒரு வரி.

மலைக்கு வேறு கணக்கு. பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் ஓய்வுக் காலத்தை ஏற்காட்டில் கழித்தவர். அவர் நினைவிடமும் அங்கேதான். சேர்வராயன் மலையில் மெருகேற்றிய கற்கோடரிகளை மலைவாழ் மக்கள் பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கியது நூறாண்டுக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. அந்தக் கற்கள் பெரும்பாலும் சரிவில் உருண்டு வந்தவையாக, உழவில் மேலே வந்தவையாக இருக்கும். அவை கலையாமல் கிடக்கும் அடுக்கு கிடைப்பது அரிது. காபித் தோட்டத்தை மட்டமாக்கி விடுதி கட்டும்போது ஜேசிபி சரிவை வெட்டி மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளுகிறது. அந்த அரிய அடுக்கு இருந்தால் அது இருப்பது வெட்டுப்படும் மேல்பக்கத்தில்தான். இங்கே சோதனைக் குழிகூட வேண்டாம். வெட்டுவதற்கு முன் 4, 5 பேர் 2 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து தரையைப் பார்க்கட்டும், காபிச் செடிக்கு அடியில் சருகைத் தள்ளிப் பார்க்கட்டும். ஏக்கருக்கு அரை நாள் வேலை. மலைப் பகுதிப் பாதுகாப்பு அனுமதிக்கான துறைக் கருத்துகளில் தொல்லியல் துறையின் ஒரு பக்கக் கருத்தையும் கட்டாயமாக்கினால் போதும்.

எடுத்த பெட்டிகள் எங்கே போகும் என்பதை மறந்துவிட்டு எந்தத் திட்டமும் பேசக் கூடாது. மேலே சொன்ன 1 ஏக்கர் மனையில் சுமாராகக் கிடைத்தாலே 100, 150 பெட்டி ஓடு சேரும். சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கு அவற்றை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இடப்பற்றாக்குறையை இன்னொருவர் தலையில் கட்டுவது. மாநகராட்சியின் பழைய கட்டடம் ஒன்றில் மழை ஒழுகாத 200 சதுர மீட்டர் தளம், இரும்பு அலமாரி, ஒரு காப்பாளர், உலோகத்துக்கு ஈரம் அகற்றும் கருவி வைத்த சிறு அறை ஒன்று. பல்கலைக்கழக மாணவர்கள் வந்து ஓடு வரையப் பழகவும் அது இடமாகும். அவர்களே அடுத்த திட்டத்துக்குப் பதிவாளர்களாக வருவார்கள். இன்று பணம் வந்தாலும் ஆள் பஞ்சம் அடுத்த தடையாக நிற்கும்.

மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் குடிநீர் வடிகால் வாரியமும் அடுத்து விடும் டெண்டர்களிலேயே, புதிய சட்டம் எதற்கும் காத்திராமல், அளவுப் பட்டியலில் கீழ்க்கண்ட வரியைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்:

‘பழைய நகர எல்லைக்குள் 1 மீட்டருக்கு மேல் ஆழமாகத் தோண்டும் எல்லாப் பணிகளிலும் தொல்லியல் கண்காணிப்பும் பதிவும்: திட்ட மதிப்பில் 0.5 சதவீதம், உத்தேசத் தொகை, செலவானால் மட்டும் வழங்கப்படும். பொருள் கிடைத்தால் அதைச் சுற்றி 10 மீட்டருக்குள் மட்டும் வேலை நிறுத்தப்படும். மற்ற இடத்தில் தொடரலாம். 24 மணி நேரத்துக்குள் வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல். 3 நாளில் நேரில் ஆய்வு. 15 நாளில் எழுத்து மூலம் முடிவு. முடிவு வராவிட்டால் பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடரலாம். நின்ற நாட்களுக்குக் கால நீட்டிப்பும், இயந்திரத்துக்கும் ஆட்களுக்கும் ஒப்பந்த வீதத்தில் காத்திருப்புக் கட்டணமும் உண்டு. தாமத அபராதம் இல்லை.’

இப்படிக்கு,
தொல்லியல், கட்டடப் பொறியியல் பணிகளில் உள்ள வாசகர்கள் சிலர்,
சேலம்.